இடுப்பில் துப்பாக்கி இருந்தால் பயம் போயிடுமா?

கல்லாவைப் பூட்டிவிட்டு, பணப்பையோடு ராத்திரி 10 மணிக்கு வீடு திரும்பும் வியாபாரிக்கு நெஞ்சு 'திக் திக்' என்றுதான் அடிக்கும். "பேசாம ஒரு துப்பாக்கி வாங்கி இடுப்புல சொருகிக்கலாமா?" என்று நினைப்பது இயற்கை.

வாங்கலாம். சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வாங்கும் முன் நாலு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது.

எது கிடைக்கும்?

சினிமா கதாநாயகன் நீட்டும் 9 எம்.எம். பிஸ்டல் சாமானியருக்குக் கிடையாது. அது போலீஸ், ராணுவத்துக்கு ஒதுக்கிய ரகம். வியாபாரிகள் பெரும்பாலும் கேட்பது 'பாயிண்ட் 32'. அதில் ரிவால்வரும் உண்டு, பிஸ்டலும் உண்டு.

ரிவால்வரில் பெரும்பாலும் 6 குண்டு. ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும். அடுத்த குண்டு வந்து நிற்கும். பிஸ்டல் தட்டையானது; சட்டைக்குள் மறையும். ஆனால் குண்டு சிக்கிக்கொண்டால் எடுத்துவிடக் கை பழகியிருக்க வேண்டும். பழக்கம் இல்லாதவருக்கு ரிவால்வரே மேல்.

விலை? 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரை விற்பனைக்கு விட்டது. எடை அரைக் கிலோ. விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்கும் பெண் வாங்குகிற விலையா இது?

லைசென்சு லேசில் வராது

சென்னையில் போலீஸ் கமிஷனரிடம் மனுப் போட வேண்டும். கமிஷனர் இல்லாத ஊர்களில் கலெக்டரிடம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உயிருக்கு என்ன ஆபத்து என்று காரணம் காட்ட வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். 2016 விதிகளின்படி பயிற்சிச் சான்றிதழும் தேவை. கிடைத்தால் லைசென்சு 5 வருடத்துக்குச் செல்லும்.

"அதெல்லாம் எதுக்கு?" என்று திருட்டுத் துப்பாக்கி வாங்கினால் 2 முதல் 5 வருடம் வரை கம்பி எண்ண வேண்டியதுதான்.

சுட்டால் என்ன ஆகும்?

தற்காப்புக்காகச் சுட சட்டம் அனுமதிக்கிறது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றச் சட்டத்திலும் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. கொள்ளைக்காரன் கத்தியைக் கழுத்தில் வைத்தால் சுடலாம். சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டுக் கொன்றால்? கேஸ் சுட்டவர் மேல்தான்!

அதுவும் போகட்டும். கத்திக்காரன் சொல்லிவிட்டா வருகிறான்? பின்னால் பைக்கில் வந்து ஒரே இழுப்பு. சட்டையைத் தூக்கித் துப்பாக்கியை உருவுவதற்குள் ஆள் அடுத்த தெருவில் இருப்பான். கீழே தள்ளிவிட்டால் பணத்தோடு துப்பாக்கியும் போகும்.

துப்பாக்கி திருடனை மட்டும் பார்த்து வெடிப்பதில்லை. 1967 ஜனவரி 12-ல் ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டது முன்பின் தெரியாத ஆளா? கூட நடித்த எம்.ஆர்.ராதா! எம்.ஜி.ஆர். பிழைத்தார், குரல் பழையபடி திரும்பவில்லை. கோபம் ஒரு நிமிடத்தில் ஆறிவிடும். ஆனால் கை எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அந்த ஒரு நிமிடம் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஆபத்து இன்னும் அதிகம்.

செய்ய வேண்டியது என்ன?

தினமும் ஒரே நேரம், ஒரே வழி என்று பணத்தைக் கொண்டுபோகக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. பகலிலேயே பாங்கில் கட்டிவிடுவது உத்தமம். ஆபத்து என்றால் 100 அல்லது 112-க்குப் போன் போடலாம்.

இது வியாபாரி செய்ய வேண்டியது. போலீசுக்கும் கடமை இருக்கிறது. கடை அடைக்கும் நேரத்தில் கடைத்தெருவில் ரோந்து வர வேண்டும். இருட்டுச் சந்துகளில் விளக்கு எரிய மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும்.

வரி கட்டுகிற மனிதர் தன் உயிரைக் காக்கத் தானே துப்பாக்கி தேடும் நிலை வரலாமா? அதிகாரிகள் கவனிப்பார்களா?