தொலைவிலிருந்து மானிடவியல் கற்கலாமா?

“வீட்டில் இருந்தபடி கணினியில் வாங்குவதும் ஒரு பட்டமா?” என்று கேட்கும் பெரியோர் இன்றும் நம்மிடையே உளர். பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களுக்கு இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு அன்று. பொதுத்தேர்வு முடிந்ததும் எங்களுள் சிலர் தந்தையார் பணிபுரியும் துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ செல்லக்கூடும். வேறு சிலர் பின்னாளில் திருமணமாகிக் கடல் கடப்பர். அவ்வாறு சென்று, அதன்பின் புத்தகத்தையே தொடாத அக்காமார் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். அவர்கள் அங்கிருந்தபடியே படிக்கலாம், அதிலும் மானிடவியலைப் படிக்கலாம் என்பதே எங்கள் கட்சி.

மனிதனின் உடல், உறவு, வழக்கம், நம்பிக்கை ஆகிய யாவற்றையும் ஆராய்வது மானிடவியல். மக்களோடு பழகிக் கற்க வேண்டியதை அறைக்குள் அமர்ந்து கற்பது எங்ஙனம்? நியாயமான கேள்விதான். ஆயினும் இத்துறை வளர்ந்த கதையில் அஞ்சலுக்கும் பங்குண்டு. அமெரிக்க வழக்கறிஞரான லூயி ஹென்றி மார்கன், உறவுமுறைகளைப் பற்றிய வினாப் பட்டியல்களைப் பல நாடுகளுக்கு அனுப்பி விடைகளைத் திரட்டினார். 1871இல் வெளிவந்த அவருடைய நூலில் நம் தமிழ் உறவுப் பெயர்களும் இடம் பெற்றன. அப்பாவின் அண்ணனைப் பெரியப்பா என்று தந்தைக்கு நிகராக அழைக்கும் நாம், அம்மாவின் அண்ணனை மாமா என்று தனியே பிரிக்கிறோம் அல்லவா? அமெரிக்கப் பழங்குடியினரான செனகா மக்களும் இவ்வாறே பிரிப்பதைக் கண்டு அவர் வியந்தார். நம் நாட்டில் அவர் காலடி வைத்ததில்லை. ஆனால் செனகா மக்களின் முறையை அவர் அஞ்சலில் அறியவில்லை. அவர்களிடையே நேரில் சென்று பழகி அறிந்தார்.

போலந்தில் பிறந்த மாலினோவ்ஸ்கியையும் எண்ணிப் பாருங்கள். 1914இல் போர் மூண்டபோது ஆஸ்திரேலியாவில் இருந்த அவர், ஆஸ்திரியக் குடிமகன் என்பதால் அங்கே எதிரி நாட்டவர் ஆனார். 1915க்கும் 1918க்கும் இடையில் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் கூடாரமடித்து, அம்மக்களின் மொழியைக் கற்று, தீவுக்குத் தீவு சிப்பி மாலைகளும் சிப்பி வளையங்களும் கைமாறும் ‘குலா’ வழக்கத்தை ஆராய்ந்தார்.

அயலாரிடையே அயலாராய் வாழ அவர் கப்பலேறிச் செல்ல நேர்ந்தது. நம் அக்காமாருக்கோ மின்தூக்கியில் இறங்கினாலே போதும்! வளைகுடா நகரத்தின் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் மலையாளியும், பிலிப்பைன்ஸ் நாட்டவரும், எகிப்தியரும் குடியிருக்கக் காணலாம். நாம் பிடிக்கும் ஏலச்சீட்டு போல, மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பிலிப்பைன்ஸ் மக்களிடம் ‘பலுவாகன்’ என்றும், எகிப்தியரிடம் ‘கமெய்யா’ என்றும் வழங்குகிறது. கிளிஃபர்ட் கீர்ட்ஸ் என்னும் அறிஞர் 1962இலேயே இத்தகைய சுழற்சிச் சேமிப்பைப் பற்றி எழுதியுள்ளார். யாரை நம்பிச் சீட்டில் சேர்க்கிறார்கள்? பணம் எடுத்தவர் நாடு திரும்பிவிட்டால் யார் பொறுப்பு? இவற்றுக்கு விடை கணினித் திரையில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது. கோட்பாடுகளைத் திரையில் படித்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போகத்தான் வேண்டும். நண்பராகப் பழகியவர் சொன்னதை அவர் சம்மதமின்றி ஏட்டில் எழுதுவதோ, சரியன்று.

பட்டத்தின் மதிப்பைப் பற்றிக் கவலைப்படுவோர்க்கு ஒரு செய்தி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, அக்குழு ஏற்ற தொலைநிலைப் பட்டங்களும் இணையவழிப் பட்டங்களும் கல்லூரிப் பட்டத்துக்கு இணையானவையே. 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மானிடவியலில் முதுகலைப் படிப்பையே நடத்துகிறது. பணத்தைக் கட்டுமுன் ஒப்புதல் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது அவரவர் பொறுப்பு.

ஒன்றை மட்டும் நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். மண்டையோட்டை அளப்பதும், எலும்பைக் கொண்டு வயதைக் கணிப்பதும் கையால் தொட்டுப் பழக வேண்டியவை. அதற்கு ஆய்வுக்கூடம் இன்றியமையாதது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வளைகுடாக் குடும்பங்கள் ஊருக்கு வருவதை யாவரும் அறிவோம். நம் பல்கலைக்கழகங்கள் அப்போது மூன்று வாரங்களுக்குத் தம் ஆய்வுக்கூடங்களை அவர்களுக்குத் திறந்துவிடட்டும். குழந்தையோடு வருபவர்க்கு ஓர் ஓரத்தில் தொட்டில் கட்டவும் இடம் தரட்டும்.