'ஜிடி' வேற, 'ஜிடி லைன்' வேற: ஸ்போர்ட்ஸ் வேரியன்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

2024 அக்டோபரில் ஃபோக்ஸ்வேகன் தன் விர்டஸ் செடானில் இரண்டு புது வேரியன்ட்களை இறக்கியது. ஒன்று ஜிடி லைன். இன்னொன்று ஜிடி பிளஸ் ஸ்போர்ட். இரண்டுக்கும் கறுப்பு கிரில், கறுப்பு அலாய், புகை படிந்த மாதிரி ஹெட்லைட். திண்டுக்கல் - திருச்சி நால்வழிச் சாலையில் இரண்டும் அடுத்தடுத்து உங்களைத் தாண்டிப் போனால் எது எது என்று சொல்வது கஷ்டம்.

பானெட்டைத் திறந்தால் கதையே வேற. ஜிடி லைனில் இருப்பது 1.0 லிட்டர், 3 சிலிண்டர் டர்போ: 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர் டார்க். ஜிடி பிளஸ் ஸ்போர்ட்டில் 1.5 லிட்டர், 4 சிலிண்டர் டர்போ: 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். பெயரில் ஒரே ஒரு வார்த்தைதான் மாறியிருக்கிறது. இன்ஜினோ முழுசாகவே வேறு.

பிரோஷரில் எல்லாம் தெளிவாகத்தான் அச்சடித்திருக்கிறது. சட்டப்படி யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் முதல் சம்பளம் வாங்கி மூணு நாலு வருஷம் ஆன ஒருவர், இஎம்ஐ போட்டு 'ஜிடி' வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு 'ஜிடி லைன்' வாங்கிவிட வாய்ப்பு இருக்கிறது என்றால், அந்தப் பெயர் சரியாக வைக்கப்படவில்லை என்றே நான் சொல்வேன்.

நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் உலகத்தில் நிலவரம் இப்படி இல்லை. போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த தலைமுறையில் சாதா கரேராவுக்கு 385 பிஎஸ், கரேரா எஸ்-க்கு 450 பிஎஸ். இரண்டுமே 3.0 லிட்டர் ட்வின் டர்போதான். ஆனால் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்துக்குப் பின்னால் பெரிய டர்போ, பெரிய பிரேக் என்று இரும்பாகவே ஏதாவது வருகிறது. 0-விலிருந்து 100 கி.மீ. வேகம் எட்ட 4.2 விநாடி ஆனது 3.7 ஆகிறது. அரை விநாடிக்கு அவ்வளவு பணமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் கொடுத்த பணத்துக்கு வேகம் வருகிறது. நம்ம ஊர் பட்ஜெட்டுக்கு வரும் கார்களில் இந்தக் கணக்கு அப்படியே வேலை செய்வதில்லை.

மூன்று 'ஐ20'

இந்தக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் ஐ20-ஐ விட நல்ல உதாரணம் இல்லை. இதில் உண்மையில் மூன்று அடுக்கு உண்டு.

முதல் அடுக்கு சாதா ஐ20. 1.2 லிட்டர் இன்ஜின், மேனுவலில் 83 பிஎஸ், சுமார் 115 நியூட்டன் மீட்டர். இரண்டாவது, 2021-ல் இந்தியாவுக்கு வந்த ஐ20 என் லைன். 1.0 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். அந்த டார்க் 1,500 ஆர்பிஎம்மிலேயே முழுசாகக் கிடைத்துவிடும். 1.2-லோ 4,000-ஐத் தாண்டி மிதிக்க வேண்டும். மூன்றாவது அடுக்கு ஐ20 என். பின்னால் 'லைன்' கிடையாது. 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ், 100 கி.மீ. எட்ட ஆறேகால் விநாடிக்கும் குறைவு. ஐரோப்பாவில் ஓடியது, இந்தியாவுக்கு வரவே இல்லை.

அதாவது நாம் என் லைன் வாங்கும்போது 'என்' வாங்கவில்லை. கொரியாவின் நம்யாங் ஆய்வு மையம், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக் இரண்டையும் குறிக்கும் எழுத்து அது. அந்த எழுத்தின் பளபளப்பு நமக்குக் கிடைக்கிறது, அந்த இன்ஜின் கிடைப்பதில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் என் லைன் வெறும் ஸ்டிக்கர் வேலை இல்லை. சஸ்பென்ஷன் இறுக்கமானது, ஸ்டீயரிங் மாற்றி டியூன் செய்யப்பட்டது, பின் சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். சாதா ஐ20-ல் பின்னால் டிரம்தான். வேகம் கூடினால் நிறுத்தும் சக்தியும் கூட வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

விர்டஸில் அதைச் சொல்ல முடியவில்லை. ஜிடி பிளஸில் முன் பிரேக் காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் உண்டு. பார்க்க ஜம்முனு இருக்கும். பின்னால் போய்க் குனிந்து பாருங்கள்: 115 பிஎஸ் காரில் இருக்கும் அதே டிரம். டயரும் இரண்டுக்கும் ஒரே அளவு, 205/55 ஆர்16. 35 குதிரை கூடுதலாகக் கட்டிவிட்டு லகானை மட்டும் பழையதாகவே விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாங்காய் பூட்டு வாங்கும்போது திண்டுக்கல்காரர்கள் பித்தளை பளபளப்பைப் பார்த்து விலை பேசுவதில்லை. உள்ளே எத்தனை லீவர் என்றுதான் கேட்பார்கள். கார் ஷோரூமுக்குள் நுழைந்ததும் அந்தப் புத்தி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

நம்ம ரோட்டில் இது எவ்வளவு தூரம் உதவும்?

0 - 100 விநாடிக் கணக்கு யூடியூப் வீடியோவுக்கு நல்லா இருக்கும். திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஓட்டுகிறவருக்கு 83 பிஎஸ்ஸே அதிகம். தேசிய நெடுஞ்சாலை 44-ல் கரூர் பக்கமோ மதுரை பக்கமோ 100-ல் போவதற்கும் எந்த வேரியன்ட்டும் திணறாது. டாப் ஸ்பீடு எண்ணை மறந்துவிடுங்கள்.

வித்தியாசம் தெரியும் இடம் 60-க்கும் 90-க்கும் நடுவில் இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாகத் தேனி போகும் இருவழிப் பாதையை நினைத்துப் பாருங்கள். முன்னால் நிலக்கோட்டைக்குப் பூ ஏற்றிப் போகும் குட்டி யானை 55-ல் போகிறது, எதிரே பேருந்து வருகிறது. இங்கே தாண்டுவதற்கு எத்தனை விநாடி என்பதுதான் கேள்வி. டர்போ இன்ஜின் இரண்டு விநாடி மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 75 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி என்பது சுமார் 42 மீட்டர். எதிரே வரும் பேருந்தும் அதே வேகத்தில் வந்தால் அதுவும் 42 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, எதிர் லேனில் உங்களுக்கு 80 மீட்டருக்கு மேல் இடம் மிஞ்சுகிறது. ஷோ காட்ட இல்லை, உயிரோடு திரும்பி இடது பக்கம் வர. ஸ்போர்ட்ஸ் வேரியன்ட்டுக்குப் பணம் கொடுக்க என்னைக் கேட்டால் இது ஒன்றுதான் நல்ல காரணம்.

அடுத்தது மலை. காட்ரோட்டில் திரும்பிக் கொடைக்கானல் ஏறும்போது சமவெளியிலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். கீழே 83 பிஎஸ் காட்டிய கார் மேலே 65 பக்கம் வந்து நிற்கும். ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், ஏசி எல்லாம் சேர்ந்தால் இரண்டாவது கியரிலேயே அழ வேண்டியதுதான். டர்போ காற்றை அமுக்கித் தள்ளுவதால் இந்த இழப்பைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். மாதம் இரண்டு தடவை கொடைக்கானலோ சிறுமலையோ போகிற ஆள் என்றால் உங்களுக்கு டர்போ ஆடம்பரம் கிடையாது.

ஆனால் அதே டர்போ நேர் ரோட்டில் உங்களை 120-க்கு இழுத்துக்கொண்டு போய்விடும். காய்ந்த சாலை, நல்ல டயர், ஒரு விநாடியில் பிரேக் மிதிக்கும் டிரைவர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 100-ல் வரும் கார் நிற்க சுமார் 77 மீட்டர் ஆகும். 120-ல் அது 104 மீட்டர். நடுவில் இருக்கும் 27 மீட்டர், இரண்டு அரசுப் பேருந்துகளின் நீளத்தை விட அதிகம். மீடியன் இடைவெளியில் திடீரென டூவீலர் திரும்பும் ஊர் நம் ஊர். அங்கே சிவப்பு காலிப்பர் பெயின்ட் ஒரு மீட்டரைக்கூடக் குறைத்துத் தராது.

பணம் எங்கே கசிகிறது?

இதுவரை பேசியது இன்ஜின் மாறும் வேரியன்ட் பற்றி. பர்ஸ் காலியாவது வேறு இடத்தில்.

ஐ20 என் லைனுக்குள்ளேயே என்6, என்8 என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் அதே இன்ஜின், அதே 120 பிஎஸ், அதே பின் டிஸ்க். என்8-ல் கூடுதலாக வருவது பெரிய ஸ்கிரீன், போஸ் ஸ்பீக்கர் வகையறா. டிசிடி ஆட்டோமேட்டிக் என்6-லும் உண்டு. 2023 செப்டம்பரில் புது முகத்துடன் வந்தபோது என்6 மேனுவலின் ஷோரூம் விலை 9.99 லட்சம். என்8 அதற்கு மேல் லட்சத்தைத் தாண்டியது. நன்றாகக் கவனியுங்கள், அந்தக் கூடுதல் பணத்தில் வேகம் ஒரு துளி கூடவில்லை.

அந்த 9.99 என்ற எண்ணுக்குத் தமிழ்நாட்டில் தனி அர்த்தம் உண்டு. 2023 நவம்பரில் மாற்றிய ஆயுள் வரி விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13%, 10 லட்சத்தைத் தாண்டினால் 18%. தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். 9.99 லட்சம் காருக்கு வரி சுமார் 1.30 லட்சம். 10.01 லட்சம் காருக்கு 1.80 லட்சம். இரண்டாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு ஆர்டிஓ ஆபீஸில் 50 ஆயிரம் கூடுதல்! ஸ்பீக்கருக்கு ஆசைப்பட்டால் அதற்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும்.

ஜிஎஸ்டி பக்கமும் ஒரு பார்வை. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு 4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 18%. ஐ20 என் லைன் இதில் வந்துவிடும். விர்டஸ் நாலரை மீட்டர் என்பதால் குட்டி 1.0 இன்ஜின் போட்டாலும் 40% தான். எனவே ஜிடி லைன் எடுத்து வரி மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை. அன்றைய ஆன்-ரோடு கொட்டேஷனை வேரியன்ட் வாரியாக எழுதி வாங்குங்கள்.

கூடுதலாகப் போகும் தொகையை லோனில் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். 2 லட்சம், 9% வட்டி, 5 வருடம்: மாதம் சுமார் 4,150 ரூபாய், மொத்தமாக 2.49 லட்சம். அந்தப் பணம் இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் போனால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆம்பியன்ட் லைட்டுக்குப் போனால் யோசிப்பேன். அதில் நல்ல டயர் நாலு வாங்கலாம், மிச்சமும் இருக்கும்.

என் பரிந்துரை இதுதான். வேகம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், அந்த இன்ஜின் கிடைக்கும் மிகக் குறைந்த வேரியன்ட்டை எடுங்கள். லுக் மட்டும்தான் வேண்டும் என்றால் ஜிடி லைன் மாதிரி வேரியன்ட் தப்பே இல்லை, 1.0 டிஎஸ்ஐ நல்ல இன்ஜின்தான். 0 - 100 ஓட்டத்தில் 1.5-ஐ விட ஒன்றரை இரண்டு விநாடி பின்தங்கும், அவ்வளவுதான். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும். நிறுவனங்களும் பின் டிக்கியில் 'லைன்', 'ஸ்போர்ட்' என்று ஒட்டுவதற்குப் பதில் 115, 150 என்று எண்ணை ஒட்டினால் பாதிக் குழப்பம் தீரும்.

குறைந்த வேரியன்ட்டை வாங்கிவிட்டு வெளியே 'ரீமேப்' பண்ணி பவர் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கோஷ்டி சொல்லும். வாரன்டி போகும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மில் சிக்கல் வரும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், பிரேக் பழையதாகவே இருக்கும்.

பழைய கார் தேடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2020 நவம்பரிலிருந்து 2023 வரை சாதா ஐ20-யிலேயே அதே 120 பிஎஸ் டர்போ இன்ஜின் கொடுத்தார்கள். என் லைன் பேட்ஜ் இருக்காது, அந்த இறுக்கமான சஸ்பென்ஷன் இருக்காது, ஆனால் இழுவை அதேதான். பேட்ஜுக்கு அலையும் கூட்டம் இதைத் திரும்பிப் பார்ப்பது குறைவு.

அதே செகண்ட் ஹேண்ட் சந்தையில் எதிர் விஷயமும் நடக்கும். ஆன்லைனில் ஜிடி பேட்ஜ் வாங்கி சாதா விர்டஸில் ஒட்டுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். டிஎன் 57 நம்பரோ வேறு எந்த நம்பரோ, வண்டியைப் பார்க்கும் முன் ஆர்சியை வாங்கி கியூபிக் கெப்பாசிட்டி என்ற இடத்தைப் பாருங்கள். விர்டஸுக்கு 999 என்று இருந்தால் 1.0, 1498 என்று இருந்தால்தான் அசல் ஜிடி. ஐ20-க்கு மட்டும் தலைகீழ்: 1197 என்றால் 83 பிஎஸ் சாதா இன்ஜின், 998 என்ற சின்ன எண்தான் டர்போ.