கம்ப்யூட்டருக்கு சட்டை மாட்டும் வாலிபர்களே, உஷார்!

கம்ப்யூட்டர் திரையில் தன் இஷ்டத்துக்கு கடிகாரம், காலண்டர் மாட்டுவதில் வாலிபர்கள் சிலருக்கு ஒரே மோகம். இதற்கு 'ஸ்கின்' என்று பேர். விண்டோசில் ஓடும் 'ரெயின்மீட்டர்' இருந்தால் போதும். காலணா செலவில்லை!

வேலையும் மலையைப் புரட்டுவதல்ல. சாதாரண நோட்பேடிலேயே எழுதலாம். 'மெஷர்' என்ற பகுதி மணி என்ன என்று கேட்டு வரும். 'மீட்டர்' அதைத் திரையில் காட்டும். 'அப்டேட்' என்ற இடத்தில் 1000 என்று போட்டால் விநாடிக்கு ஒரு தடவை முள் நகரும். அவ்வளவுதான் சூட்சுமம்!

ஆனால் புதுசாக இறங்குகிறவர்கள் செய்வது என்ன? யாரோ செய்த ஸ்கின்னை இறக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே மாட்டி விடுகிறார்கள். கேடிகளுக்கு இது போதாதா? ஸ்கின் என்ற பேரில் வேறு புரோகிராமும் உள்ளே நுழையலாம். வாசலில் நிற்கிற ஆசாமி யார் என்று கேட்காமல் கதவைத் திறப்போமா?

நோட்பேடில் திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வேறு புரோகிராமை ஓட்டச் சொல்லும் வரி புரியவில்லையா? மாட்டாதீர்கள். படித்தால் ஆபத்தும் தெரியும், தொழிலும் படியும்.

அடுத்தவன் ஸ்கின்னில் பேரை மாற்றிப் போடுவதும் திருட்டுதான், தம்பி! கோணலாக இருந்தாலும் சொந்தக் கடிகாரமே மேல்.