உப்புக் கிணற்றுக்கு எத்தனை கையெழுத்து?

மீஞ்சூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒன்றரை ஏக்கர் நிலம், அப்பா காலத்துக் கிணறு. சம்பா மழையில் தேறிவிடுகிறது. நவரைக்கு இறைத்தால் தண்ணீர் கரிக்கிறது, பயிரின் நுனி கருகுகிறது. புதிதாக போர் போட அனுமதி கேட்டு மூன்று தடவை தாலுகா ஆபீசுக்கு அலைந்தாகிவிட்டது. போர் வண்டிக்காரரோ, "ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுத் தருகிறேன், முந்நூறு அடி போனால் நல்ல தண்ணீர்" என்கிறாராம். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா, திருவொற்றியூரில் வேலை பார்க்கும் மகன் சொல்வதுபோல் நிலத்தை விற்றுவிடலாமா என்று கேட்கிறார்.

நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். நிலத்தையும் அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

முதலில் சட்டம். 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் ஊறும் தண்ணீரை எடுத்துக்கொள்வது நிலத்துக்காரரின் உரிமை. ஆனால் சென்னை நகரத்துக்கும், அட்டவணையில் உள்ள சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் 1987-ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அந்தக் கிராமங்களில் இசைவு இல்லாமல் கிணறு தோண்டக் கூடாது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கிராம ஊராட்சிகளில் கிணறு தோண்டுவதற்கும் பாதுகாப்புக்கும் 2015-ல் தனி விதிகள் வந்தன. ஊராட்சியிடமும் அனுமதி வாங்க வேண்டும். போர் வண்டியும் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2020-ல் விவசாயத்துக்கு விலக்கு கொடுத்துவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். அது மத்திய அனுமதிக்கு மட்டும்தான். மாநிலச் சட்டம் அப்படியே இருக்கிறது. தொழிற்சாலை என்றால் காகித வேலைக்குத் தனி ஆள் இருக்கிறார். ஒன்றரை ஏக்கர்காரர் ஒரு நாள் வேலையை விட்டு பஸ் ஏறித்தான் போகவேண்டும்.

இதில் மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தண்ணீரை உப்பாக்கியது நெல் மட்டும் அல்ல. 1960-களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் ஆய்வு நடந்தது. அதன் பிறகு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் வரிசையாகக் குழாய்க் கிணறுகள் அமைத்து, மணலி ஆலைகளுக்கும் நகரத்துக்கும் தண்ணீர் போனது. 1969 வாக்கில் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் அளவில் இருந்த கடல் நீர், 1983 வாக்கில் 7 கிலோமீட்டர் வரை உள்ளே வந்துவிட்டது. சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆற்று நீரும் மேலேயே பூண்டியிலும் தாமரைப்பாக்கத்திலும் நகரத்துப் பக்கம் திரும்பிவிடுகிறது. மிச்சம்தான் வல்லூர் அணைக்கட்டுக்கும், கடைசியில் எண்ணூர் முகத்துவாரத்துக்கும். போதாததற்கு, வறட்சி வந்தபோது இதே படுகையில் விவசாயக் கிணறுகளிலிருந்தே குடிநீர் வாரியம் தண்ணீரை விலைக்கு வாங்கியது. விற்றவருக்குப் பணம் வந்தது. விற்காத பக்கத்து நிலத்துக்காரரின் கிணறும் சேர்ந்து இறங்கியது.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. மணலியின் பெரிய ஆலைகள் 1990-களின் தொடக்கத்திலிருந்தே கழிவு நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துகின்றன. காட்டுப்பள்ளியில் 2010-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவு நீரை ஆலைகளுக்காகச் சுத்திகரிக்கிறார்கள். ஆனால் உள்ளே வந்த உப்பு சொன்னவுடன் திரும்பிப் போகாது.

அதனால்தான் முந்நூறு அடிப் பேச்சை நம்பக் கூடாது. கடலோரத்தில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழே உப்பு சுமார் நாற்பது அடி மேலேறும் என்பது பழைய கணக்கு. நடுவில் களிமண் அடுக்கு இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆழமாகப் போனால் இனிக்கும் என்பது மட்டும் நடக்காது. நகையும் போய், உப்பு போரும் மிஞ்சும். மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது கிணற்றுக்கான காகிதம் வேண்டும். ராத்திரி போட்ட போருக்கு அது எங்கே இருக்கும்?

செய்ய வேண்டியது, இருக்கிற கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது. மோட்டாரை இருபது நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பிளாஸ்டிக் பாட்டிலை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். மழைக்கு முன் ஒரு தடவை, பொங்கலுக்குப் பிறகு ஒரு தடவை. மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ விவரம் கேட்கலாம். அறிக்கையில் ‘மின் கடத்தும் திறன்' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3 வரை பயிர் பார்த்துச் செய்யலாம். மிளகாய், வெங்காயம், அவரை வகைகள் சீக்கிரம் அடிவாங்கும். 3-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பி நவரை வைக்கவே வேண்டாம். சம்பாவுக்கு உவர் தாங்கும் திருச்சி 1 போன்ற ரகத்தை யோசிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடிக்க நிலத்தின் ஒரு மூலையில் பண்ணைக்குட்டை வெட்டலாம். ஆழம் வேண்டாம், அகலமாக இருக்கட்டும். ஆழமாக வெட்டினால் அங்கேயும் உவர் ஊறும். மழைத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் கலந்து பாய்ச்சினால் உப்பு குறையும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீருக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. சிறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல் எல்லாம் அதே தாலுகா ஆபீஸ் பக்கம்தான். நான்காவது தடவை போகும்போது இதையும் சேர்த்தே கேட்டு வரலாம். போர் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கவில்லை என்றால் அன்றைக்கே வாங்கிக்கொள்ள வேண்டும். தேதி இல்லாத மனுவுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

கடிதத்தின் ஓரத்தில், கடைக்காரர் ஜிப்சம் போடச் சொன்னார், போடலாமா என்றும் கேட்டிருக்கிறார். ஜிப்சம் களர் மண்ணுக்கு மருந்து. கடல் நீர் ஏறிய உவர் நிலத்துக்கு முதல் தேவை நல்ல தண்ணீரால் கழுவுவதும் வடிகாலும்தான். மண் பரிசோதனை முடிவு வரும் வரை மூட்டையைக் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லவும்.