எம்மிக்கு இரண்டு முடிவுகள்

கடந்த எட்டு மாதங்களாக எங்கள் ஆசிரியர் குழு ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டரின் படங்களை அவை எடுக்கப்பட்ட வரிசையிலேயே பார்த்துவந்தது. 1969இல் முதல் முழுநீளப் படம். 1982 ஜூனில், 37 வயதில் மரணம். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில், தொலைக்காட்சிக்கு எடுத்தவற்றையும் சேர்த்தால் நாற்பதை ஒட்டிய படங்கள். புகழ்பெற்ற ஐந்தாறைப் பார்த்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். போதாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

1970இல் வந்த 'அமெரிக்கச் சிப்பாய்' பெரிய படமல்ல. ஹாலிவுட் குற்றப்படங்களின் தொப்பியையும் துப்பாக்கியையும் ம்யூனிக் தெருக்களில் அணிந்து பார்க்கும் படம். அதில் ஒரு காட்சி. விடுதி அறையில் படுக்கை விளிம்பில் அமர்ந்து பணிப்பெண் ஒருத்தி கதை சொல்கிறாள். நடித்திருப்பவர் பின்னாளில் தாமே இயக்குநரான மார்கரெட்டே ஃபான் ட்ரோட்டா. ஹாம்பர்கில் எம்மி என்றொரு துப்புரவுத் தொழிலாளி, வயதானவள். துருக்கிக்காரன் அலியை மணந்துகொள்கிறாள். ஒருநாள் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். கழுத்தில் மோதிரத்தின் எழுத்து பதிந்திருக்கிறது. கதை முடிந்ததும் படம் தன் போக்கில் போய்விடுகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே எம்மியும் அலியும் 'பயம் ஆன்மாவைத் தின்னும்' படத்தில் திரும்பி வருகிறார்கள். இப்போது கொலை இல்லை. அலி மொராக்கோக்காரன். இரைப்பைப் புண்ணால் சுருண்டு விழுகிறான். வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு இது அடிக்கடி வரும், ஆறு மாதத்தில் இவனும் திரும்ப வருவான் என்கிறார் மருத்துவர். எம்மி கட்டிலருகே அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த நான்கு ஆண்டுகளில் என்ன நடந்தது? டக்ளஸ் சர்க்கின் ஹாலிவுட் மெலோடிராமாக்களை ஃபாஸ்பிண்டர் பார்த்தார். கண்ணீர் வரவழைக்கும் கதைக்குள்ளேயே ஒரு சமூகத்தைக் கூண்டிலேற்ற முடியும் என்று கற்றுக்கொண்டு, 1971இல் சர்க்கைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். கொன்றுவிட்டால் கதை முடிந்துவிடும். உயிரோடு விட்டால்தான் அந்தத் திருமணத்தை ஊர் என்ன செய்கிறது என்று காட்ட முடியும். இந்தக் கண்டுபிடிப்பின் அருமை, முந்தைய படத்தின் அந்தப் பணிப்பெண்ணைப் பார்த்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

எம்மியையும் அவர் புனிதையாக்கவில்லை. தானும் கட்சியில் இருந்ததாக, நாஜிக் கட்சியைத்தான், சாதாரணமாகச் சொல்கிறாள். கல்யாண விருந்துக்கு ஹிட்லர் சாப்பிட்ட உணவகத்தைத் தேர்ந்தெடுக்கிறாள். அக்கம்பக்கத்தார் மீண்டும் பேசத் தொடங்கியதும், அலியின் புஜத்தைத் தொட்டுப்பார்க்கத் தோழிகளை அழைக்கிறாள். வேலையிடத்தில் வேறொரு வெளிநாட்டுப் பெண்ணை ஒதுக்குவதில் மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறாள். அடிபட்டவர் கைக்குப் பிரம்பு வரும்போது என்ன ஆகிறது என்பதை இத்தனை வாஞ்சையோடும் இத்தனை கறாராகவும் சொன்ன வேறொருவரை நாங்கள் சினிமாவில் பார்க்கவில்லை. 'காட்ஸெல்மாகர்' (1969) படத்தில் உள்ளூர் இளைஞர்களிடம் அடிவாங்கும் கிரேக்கத் தொழிலாளியாக நடித்தவர் ஃபாஸ்பிண்டர். 1974இல் அதே மனிதர் எம்மியின் மருமகனாக, வெளிநாட்டவரை வெறுக்கும் சோம்பேறியாக வருகிறார். இரண்டு வேடங்களையும் அவர் தனக்கே வைத்துக்கொண்டார்.

எல்லாப் படங்களும் நல்ல படங்கள் என்று சொல்ல மாட்டோம். 'ஸாட்டன்ஸ்பிராட்டன்' எங்களில் ஒருவருக்கும் ஒட்டவில்லை. தொடக்கக் காலப் படங்களில் ஆட்கள் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டே இருப்பார்கள், கேமரா அசையாது. பொறுமை வேண்டும். ஆனால் அந்தப் படங்களிலேயே ஃப்ரான்ஸ் என்ற பெயர் தொடங்கிவிடுகிறது. முதல் படத்தில் ஃபாஸ்பிண்டர் நடித்த பாத்திரத்தின் பெயர் அது. படத்தொகுப்புக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ஃப்ரான்ஸ் வால்ஷ். 1975இல் வந்த படத்தில், லாட்டரியில் வென்ற பணத்தையெல்லாம் காதலனிடம் இழக்கும் ஃபாக்ஸின் இயற்பெயர் ஃப்ரான்ஸ் பீபர்கோப். பதின்பருவத்தில் ஃபாஸ்பிண்டர் படித்த ஆல்ஃப்ரெட் டோப்ளினின் நாவல் நாயகனின் பெயர் அது. 1980இல் அந்த நாவலை வைத்து எடுத்த, பதின்மூன்று பகுதிகளும் ஒரு பின்னுரையுமாக, பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் 'பெர்லின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ்' வரும்போது, பத்தாண்டுகளாக அவர் இந்த ஒரே மனிதனைத்தான் எழுதிவந்திருக்கிறார் என்று தெரிகிறது.

எங்களை நிலைகுலைய வைத்தவை 1978இன் இரண்டு படைப்புகள். பல இயக்குநர்கள் சேர்ந்து எடுத்த 'இலையுதிர்காலத்தில் ஜெர்மனி'யில் ஃபாஸ்பிண்டரின் பகுதி அவருடைய வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஷ்டாம்ஹைம் சிறையில் தீவிர இடதுசாரிகள் இறந்ததற்குப் பிந்தைய நாட்கள். நல்லவனான ஒரு சர்வாதிகாரி வந்தால் தேவலை என்கிறார் அவருடைய தாய். ஜனநாயகத்துக்காகத் தாயோடு வாதாடும் மகன், அதே வீட்டில் காதலர் ஆர்மின் மையரை அதட்டுகிறார், தள்ளுகிறார். அதை அவரே படமாக்கித் திரையில் வைக்கிறார். அவ்வாண்டிலேயே, உறவு முறிந்தபின், மையர் தற்கொலை செய்துகொண்டார். சில வாரங்களில் ஃபாஸ்பிண்டர் '13 நிலவுகளின் ஆண்டில்' படத்தைத் தொடங்கினார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு எல்லாம் அவரே. கைவிடப்பட்ட எல்விராவின் கடைசி நாட்கள் அது. கசாப்புக்கூடத்தில் மாடுகள் அறுபட்டுத் தொங்க, அவள் குரல் நிற்காமல் பேசிக்கொண்டே போகிறது. உடன் வாழ்ந்தவர்களிடம் ஃபாஸ்பிண்டர் கொடுமையாக நடந்தார். அதை இந்தப் படம் கழுவிவிடாது, கழுவ முயலவும் இல்லை. தன்மேல் தானே எழுதிய குற்றப்பத்திரிகை என்றுதான் இதை நாங்கள் படித்தோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'காட்ஸெல்மாகர்' படத்தில் தொடங்குங்கள், 'அமெரிக்கச் சிப்பாய்' படத்தைத் தாண்டிப் போகாதீர்கள், ஆண்டு வரிசையை மாற்றாதீர்கள். அவர் இறந்தபின் வெளிவந்த கடைசிப் படம் 'கெரெல்'. ஒருகாலத்தில் அவருடைய காதலராக இருந்து, பிரெஞ்சுச் சிறையில் இறந்துபோன எல் ஹெதி பென் சலேமின் நட்புக்கு அது சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. அலியாக நடித்தவர் அவர்தான்.