பேட் வெச்சிருக்கவன்தான் கேப்டனா? ரஞ்சி கேப்டன்ஸிக்குப் பின்னால் இருக்கும் சம்பளக் கணக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பத்தூர் ஸ்டேஷனில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். திருவள்ளூர் பக்கமிருந்து வரும் லோக்கல் ட்ரெயினில், ஆளைவிடப் பெரிய கிட் பேக்கோடு ரெண்டு மூணு பசங்களாவது இருப்பார்கள். ஒருத்தன் வெண்டார் பெட்டியில் பேக்கைச் சாத்தி வைத்துவிட்டு அதன் மேலேயே சாய்ந்து தூங்குவான். இன்னொருத்தன் 'டாஸ் ஒன்பதரைக்குதானே மச்சான்?' என்று போனில் கேட்டுக்கொண்டிருப்பான். ஆவடி, பூந்தமல்லி, திருமுல்லைவாயல் ஏரியாவில் இது வாராவாரம் நடக்கிற சீன்.

இந்தப் பசங்களில் ஒருத்தன் எல்லாப் படியும் ஏறி தமிழ்நாடு ரஞ்சி டீமுக்கே கேப்டன் ஆகிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கேப்டன் என்பதற்காக அவனுக்கு மேட்ச் ஃபீஸில் எவ்வளவு கூடும்?

ஒரு ரூபாய்கூட கூடாது. பிசிசிஐ வெளியிட்டிருக்கும் உள்ளூர் கிரிக்கெட் சம்பளப் பட்டியலில் 'கேப்டன்' என்று தனியாக ஒரு வரியே கிடையாது.

2021-ல் திருத்தப்பட்ட அந்தப் பட்டியல் ரொம்ப சிம்பிள். 40 மேட்ச்சுக்கு மேல் ஆடிய சீனியருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய். 21-லிருந்து 40 மேட்ச் வரை ஆடியவருக்கு 50,000. அதற்கும் கீழே என்றால் 40,000. லெவனில் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தால் இதில் பாதி. லீக் சுற்றில் ஒரு டீமுக்கு 7 மேட்ச், ஒவ்வொன்றும் 4 நாள். அதாவது, புதுசாக வந்த ஒரு பையன் ஏழு மேட்ச்சும் லெவனில் ஆடினால் 11 லட்சத்து 20 ஆயிரம். சீனியர் என்றால் 16 லட்சத்து 80 ஆயிரம்.

'அட, நல்ல காசுதானே ப்ரோ' என்று தோன்றும். ஆமாம், ஆடினால்! சீசன் ஆரம்பத்தில் ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொண்டால்? மூன்றாவது மேட்ச்சில் ஃபார்ம் போய் டீமைவிட்டுத் தூக்கிவிட்டால்? மீட்டர் அங்கேயே நின்றுவிடும். நம் ஊர் ரஞ்சி வீரருக்குப் பொதுவாக மாதச் சம்பளமும் கிடையாது, வருஷ ஒப்பந்தமும் கிடையாது. பிசிசிஐ-யின் சென்ட்ரல் கான்ட்ராக்ட் என்பது இந்திய அணி பக்கம் போனவர்களுக்கு மட்டும்தான். ஸ்விக்கி ஓட்டுகிற அண்ணன் மாதிரிதான் இவரும். வண்டி ஓடினால் காசு.

ஒன்பது மணிக்குத் தோற்ற மேட்ச்

காசு கூடாது, சரி. கேப்டன்ஸியோடு கூடவே வருவது என்ன? 2024 மார்ச் மாதம் நடந்ததை ஒருமுறை ரீவைண்ட் பண்ணிப் பார்த்தால் தெரியும்.

அந்த சீசனில் சாய் கிஷோர் தலைமையில் தமிழ்நாடு ஏழு வருஷத்துக்குப் பிறகு ரஞ்சி அரையிறுதிக்குப் போயிருந்தது. கோவையில் நடந்த காலிறுதியில் சௌராஷ்டிராவை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் சுருட்டிவிட்டு வந்த டீம். கேப்டனே அந்த சீசனில் 53 விக்கெட் எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தார். தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை ஜெயித்தது இரண்டே தடவைதான். மெட்ராஸ் என்ற பெயரில் 1954-55-ல், அப்புறம் எஸ்.வாசுதேவன் கேப்டனாக இருந்த 1987-88-ல். இந்த முறை கோப்பை வந்துவிடும் என்று நிறைய பேர் நிஜமாகவே நம்பினார்கள்.

மும்பை பி.கே.சி மைதானத்தில் டாஸ் ஜெயித்த சாய் கிஷோர் பேட்டிங் எடுத்தார். 146-க்கு ஆல் அவுட். பதிலுக்கு மும்பையை 106-க்கு 7 என்று மடக்கினார்கள், அதிலும் பெரிய பங்கு கேப்டனுடைய சுழலுக்குத்தான். ஆனால், அங்கிருந்து ஷர்துல் தாக்கூர் வந்து சதம் அடிக்க, மும்பை 378-க்குப் போய்விட்டது. இரண்டாவது இன்னிங்ஸில் தமிழ்நாடு 162. இன்னிங்ஸ் மற்றும் 70 ரன் தோல்வி. மூணு நாளிலேயே கதை முடிந்தது.

தோற்பது சகஜம்தான். சர்ச்சை அதற்குப் பிறகு வந்தது. கோச் சுலக்ஷன் குல்கர்னி, முன்னாள் மும்பை வீரர், பிரஸ்ஸிடம் பேசும்போது, முதல் நாள் ஒன்பது மணிக்கே நாங்கள் தோற்றுவிட்டோம் என்கிற அர்த்தத்தில் பேசினார். அதாவது, டாஸிலேயே. மும்பைக்காரரான தனக்கு அந்தப் பிட்ச் தெரியும், முதலில் பௌலிங் எடுத்திருக்க வேண்டும், ஆனால் முடிவு கேப்டனுடையது என்று சொல்லிவிட்டார். உடனே தினேஷ் கார்த்திக் எக்ஸ் தளத்தில் கொதித்தார். ஏழு வருஷத்துக்குப் பிறகு டீமை அரையிறுதிக்குக் கொண்டுவந்த கேப்டனுக்குத் துணையாக நிற்காமல், அவரை இப்படி நடுரோட்டில் விட்டுவிட்டாரே என்பதுதான் சாரம்.

கோச் சொன்னது கிரிக்கெட்டாகத் தப்பா? இருக்காது. பச்சைப் பிட்ச்சில் காலை முதல் செஷனில் பேட்டிங் எடுப்பது ரிஸ்க்தான். ஆனால், அதை எங்கே சொல்வது என்று ஒன்று இருக்கிறது இல்லையா? டிரஸ்ஸிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கலாம். என்னைக் கேட்டால் இதில் கார்த்திக் பக்கம்தான் நியாயம்.

அடுத்த சீசனுக்கு லட்சுமிபதி பாலாஜி கோச் ஆனார். சாய் கிஷோர் கேப்டனாகத் தொடர்ந்தார். அந்த வருஷம் காலிறுதியில் விதர்பாவிடம் டீம் தோற்றது.

17-வது வீரரும் ஒரு கேப்டனும்

தமிழ்நாட்டில் பேச்சோடு போனது. பக்கத்து மாநிலத்தில் கேப்டன் பதவியே போனது.

அதே 2024 சீசன். ஆந்திராவுக்கு கேப்டன் ஹனுமா விஹாரி. ஒரு வருஷம் முன்னால் மணிக்கட்டு உடைந்த நிலையில், டீமுக்காக இடதுகையால் பேட் பிடித்து ஆடிய அதே விஹாரி. வங்காளத்துக்கு எதிரான முதல் மேட்ச் முடிந்ததும் கேப்டன்ஸியிலிருந்து விலகினார். சொந்தக் காரணம் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். பிப்ரவரி இறுதியில் ஆந்திரா காலிறுதியில் மத்தியப் பிரதேசத்திடம் 4 ரன்னில் தோற்ற அன்றைக்கு, இன்ஸ்டாகிராமில் போட்டு உடைத்தார். டீமின் 17-வது வீரரைத் தான் சத்தம் போட்டதாகவும், அரசியல்வாதியான அவருடைய அப்பா சங்கத்திடம் புகார் சொன்னதாகவும், அதனால் தன்னை ராஜினாமா செய்யச் சொன்னதாகவும் விஹாரி எழுதினார். இனி ஆந்திராவுக்கு ஆடவே மாட்டேன் என்றும் சொன்னார். சங்கமோ, அவர் பேசிய விதம் குறித்துத்தான் புகார்கள் வந்தன, விசாரிப்போம் என்றது.

யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்திய அணிக்கு டெஸ்ட் ஆடிய ஒரு சீனியருக்கு, தன் தரப்பைச் சொல்ல இன்ஸ்டா ஸ்டோரியைத் தவிர வேறு இடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் இதே பிரச்னை என்றால் வீரர் முதலில் போன் போடுவது 1967-ல் ஆரம்பித்த தொழில்முறை கிரிக்கெட் வீரர்கள் சங்கத்துக்குத்தான். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துப் பார்த்து, வக்கீலோடு வந்து உட்காருவார்கள். நம்மூரில் 2019-ல் வீரர்கள் சங்கம் ஒன்று வந்தது. ஆனால், அதில் சேர ஒரு கண்டிஷன். ரிட்டையர் ஆகியிருக்க வேண்டும்!

கவுன்ட்டி மட்டும் என்ன ஒழுங்கா?

ஸ்ட்ரீட் கிரிக்கெட்டில் ஒரு பழைய சட்டம் உண்டு. பேட் யாருடையதோ அவன்தான் கேப்டன். அவுட் ஆனாலும் ஆக மாட்டான். கேட்டால் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். இங்கிலாந்து கவுன்ட்டி கிளப்புகள் கிட்டத்தட்ட நூறு வருஷம் இதே சட்டத்தில்தான் ஓடின. சம்பளம் வாங்கி ஆடுபவர் 'புரொஃபஷனல்', சொந்த வசதியில் ஆடுகிற கனவான் 'அமெச்சூர்'. இருவருக்கும் பல மைதானங்களில் டிரஸ்ஸிங் ரூமே தனித்தனி. கேப்டன் பதவி வழக்கமாகக் கனவானுக்குத்தான். லென் ஹட்டன் என்கிற மேதை 1952-ல் இங்கிலாந்து நாட்டுக்கே கேப்டன் ஆனார். ஆனால், அவருடைய சொந்த கவுன்ட்டியான யார்க்‌ஷயர் கடைசி வரை அவரை கேப்டனாக நியமிக்கவே இல்லை! இந்தப் பிரிவினையை 1962 சீசன் முடிந்த பிறகுதான் ஒழித்தார்கள்.

அதற்கப்புறம் வந்த மாற்றம்தான் முக்கியம். இன்று 18 முதல்தரக் கவுன்ட்டிகளிலும் வீரர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். காயம்பட்டு உட்கார்ந்தாலும் ஒப்பந்தக் காலம் முடிகிற வரை சம்பளம் வரும்.

அங்கே நம்ம ஆட்களும் போய் வருகிறார்கள். அஸ்வின் வூஸ்டர்ஷயர், நாட்டிங்காம்ஷயர், சர்ரே என்று மூன்று கவுன்ட்டி பார்த்தவர். சாய் சுதர்சன் சர்ரேவுக்கு ஆடினார். வாஷிங்டன் சுந்தர் லங்காஷயருக்குப் போனார். 2025 ஜூலையில் சாய் கிஷோரையும் சர்ரே கூப்பிட்டது, இரண்டே இரண்டு மேட்ச்சுக்கு. அந்த மாதத் தொடக்கத்தில்தான் திருப்பூர் தமிழன்ஸ் கேப்டனாக டிஎன்பிஎல் கோப்பையைத் தூக்கியிருந்தார். இங்கே கோப்பை வாங்கிய கேப்டன், அங்கே போய் ரோரி பர்ன்ஸ் கேப்டன்ஸியில் ஃபீல்டிங் நின்றார். அதில் ஒரு மேட்ச் ஸ்கார்பரோவில் யார்க்‌ஷயருக்கு எதிராக. எதிர் டீமில் சிஎஸ்கே கேப்டன் ருதுராஜ் ஆடியிருக்க வேண்டியது, கடைசி நேரத்தில் சொந்தக் காரணத்துக்காக விலகிவிட்டார். நல்ல மேட்ச்-அப் ஒன்று மிஸ் ஆனது.

சொந்த வீட்டில் தண்ணி பாட்டில், விருந்தாளிக்கு கான்ட்ராக்ட்

இப்போது இந்த மேட்டரிலேயே வினோதமான இடத்துக்கு வருவோம். ரஞ்சியில் சொந்த மாநில வீரருக்கு ஒப்பந்தம் இல்லை. ஆனால், வெளிமாநிலத்திலிருந்து வரும் 'கெஸ்ட்' வீரருக்கு உண்டு! ஒரு மாநிலம் இப்படி மூன்று பேர் வரை எடுக்கலாம். மேட்ச் ஃபீஸ் போக, தனியாக ஒரு தொகையைப் பேசி அந்த மாநிலச் சங்கமே தரும்.

பாபா அபராஜித் 2024-ல் கேரளாவுக்குப் போனார். 2021-ல் சையத் முஷ்டாக் அலி கோப்பையைத் தமிழ்நாட்டுக்கு ஜெயித்துக் கொடுத்த கேப்டன் விஜய் சங்கர், 2025-ல் திரிபுராவுக்குப் போனார். கர்நாடகாவுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஷாருக்கான் சிக்ஸ் அடித்தாரே, அந்தக் கோப்பைதான். 2012-லிருந்து தமிழ்நாட்டுக்கு ஆடிய மனுஷன். ஒரு மேட்ச் உள்ளே, ஒரு மேட்ச் வெளியே என்ற நிச்சயமின்மைதான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அங்கே அவருக்கு டீம்மேட் யார் தெரியுமா? ஹனுமா விஹாரி!

இதில் சங்கத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. புதுப் பசங்களுக்கு இடம் கொடுக்கணும்தானே. 34 வயசு ஆல்ரவுண்டரா, 22 வயசுப் பையனா என்ற கேள்வி எல்லா டீமுக்கும் வரும். ஆனால், ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தால், 'உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்' என்றோ, 'இதுதான் கடைசி சீசன்' என்றோ முன்கூட்டியே உட்கார்ந்து பேசியாக வேண்டும். இல்லாதபோது டீம் லிஸ்ட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஏலம் வந்தது, விலை தெரிந்தது

ஒப்பந்தம் என்று நம்மூர்ப் பையன் முதலில் கண்ணால் பார்ப்பது டிஎன்பிஎல்-லில்தான். 2023-ல் அங்கே முதல்முறையாக ஏலம் வந்தது. அடிமட்டப் பிரிவின் ஆரம்ப விலை ஒன்றரை லட்சம். அதே ஏலத்தில் சாய் சுதர்சனை லைகா கோவை கிங்ஸ் 21.6 லட்சத்துக்கு எடுத்தது. செம காமெடி என்னவென்றால், அப்போது ஐபிஎல்-லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்தது 20 லட்சம்! அடுத்த வருஷம் சாய் கிஷோரை திருப்பூர் 22 லட்சத்துக்கு வாங்கியது.

ஐபிஎல்-லில் காசும் கேப்டன்ஸியும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2022-ல் சிஎஸ்கே ஜடேஜாவை 16 கோடிக்கும் தோனியை 12 கோடிக்கும் தக்கவைத்தது. கேப்டன்ஸியும் ஜடேஜாவுக்கு வந்தது. எட்டே மேட்ச்தான், திரும்பவும் தோனி கைக்குப் போய்விட்டது. 2025-ல் ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டபோதும் மறுபடி தோனி. அந்த வருஷம் அவர் விலை 4 கோடி.

அதனால்தான் மேற்குப் புறநகரில் அப்பா அம்மாக்கள் இன்னும் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். சென்னை லீக்கின் பெரிய டீம்களுக்குப் பின்னால் எப்போதும் கம்பெனிகள் உண்டு. ஐ.சி.எஃப், தெற்கு ரயில்வே மாதிரியான இடங்களில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி ஃபேக்டரிகளிலும் வேலை பார்த்த தலைமுறைக்கு இதுதான் புரிகிற கான்ட்ராக்ட். ஒண்ணாம் தேதி சம்பளம், பி.எஃப், மெடிக்கல். 'கேப்டன் ஆனியா?' என்று வீட்டில் கேட்பதில்லை. 'பெர்மனென்ட் ஆனியா?' என்றுதான் கேட்கிறார்கள்.

பி.எஸ்.என்.எல் டீமுக்காக நாலாவது டிவிஷனில் பந்து போட்ட நடராஜனும், ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுவிட்டு வந்து அதே நாலாவது டிவிஷனில் ஆடிய வருண் சக்கரவர்த்தியும் இந்திய ஜெர்சி போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் அந்த லோக்கல் ட்ரெயினில் கிட் பேக் ஏறிக்கொண்டே இருக்கிறது. திருமுல்லைவாயலில் இறங்குகிற பையனுக்கு டாஸுக்கு முன்னால் வார்ம்-அப் முடிக்கணும், லெவனில் பெயர் இருக்கா என்று பார்க்கணும். மேட்ச் முடிந்ததும் நைட் ஷிஃப்ட் வேறு இருக்கிறது.