வேரில் வாய் வைக்கும் களை

களை என்றதும் நம் நினைவுக்கு வருவது, பயிரின் அருகே நின்று அதற்குரிய நீரிலும் உரத்திலும் பங்கு கொள்ளும் செடியே. பங்கு கொள்வதோடு நில்லாமல், பயிரின் வேரிலேயே வாய் வைத்து உறிஞ்சும் களையும் உண்டு. நம் சோளக் கொல்லைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் தலைகாட்டும் சுடுமல்லி அத்தகையது. அறிவியலார் இதன் இனத்தை ஸ்ட்ரைகா என்பர். ஊதாப் பூப் பூக்கும் அதன் உறவு ஒன்று, ஆப்பிரிக்காவின் வறண்ட நாடுகளில் ஏழை உழவரின் சோளத்தையும் கம்பையும் மக்காச்சோளத்தையும் சூறையாடி வருகின்றது. அதன் இயல்பை இம்மாதம் அறிந்துகொள்வோம்.

ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். ஒவ்வொன்றும் தூசியளவே இருக்கும். மண்ணுக்குள் 10 ஆண்டுகளுக்கு மேலும் அவை உயிரோடு உறங்கக்கூடும். மழை பெய்தால் மட்டும் அவை முளைத்துவிடுவதில்லை. பயிரின் வேர் அருகில் வந்து, அது கசியவிடும் ஒருவகைப் பொருளை உணர்ந்த பின்னரே விழித்தெழுகின்றன.

பகைவனை எழுப்பும் பொருளைப் பயிர் ஏன் கசியவிட வேண்டும்? மண்ணிலுள்ள மணிச்சத்தைத் தேடித் தரும் பூஞ்சைகளைத் துணைக்கு அழைப்பதற்கே என்பதை 2005ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர் கண்டறிந்தனர். நிலத்தில் அச்சத்துக் குறையுமானால் அழைப்பும் மிகுகின்றது. துணையை நாடி எழுப்பும் குரலைக் கள்வன் ஒட்டுக்கேட்கின்றான்! மெலிந்த நிலத்தில், மெலிந்த குடும்பத்தின் பயிரையே இக்களை மிகுதியாகத் தாக்குவதன் காரணம் இப்போது விளங்குகின்றதன்றோ?

முளைத்த களை வேரைத் துளைத்து, சில வாரங்கள் மண்ணுக்குள்ளேயே வளர்கின்றது. சோளம் நீரின்றி வாடுவதுபோல் வாடும். களை வெளியே தலைகாட்டும்போது சேதத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

வழியே இல்லையா? உண்டு. எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டா என்னும் அறிஞர், இக்களைக்கு இடங்கொடாத சோள வகைகளை உருவாக்கினார். அதற்காக 2009ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு பெற்றார். கென்யாவில் மக்காச்சோள வரிசைகளுக்கிடையே டெஸ்மோடியம் என்னும் தீவனப் பயிரை விதைக்கின்றனர். முதலில் தண்டுத் துளைப்பானை விரட்டவே அதனை நட்டனர். ஸ்ட்ரைகாவும் ஒடுங்குவதைப் பின்னர் கண்டனர். அதன் வேர்க்கசிவில் களைவிதை முளைக்கும். ஆனால் பயிரின் வேரைப் பற்ற இயலாமல் மடியும். மாட்டுக்குத் தீவனமும் மண்ணுக்குத் தழைச்சத்தும் இதனால் கிடைக்கின்றன.

சிறு உழவரும் செய்யத்தக்கவை உள. ஆண்டுதோறும் சோளத்தையே விதைக்காமல் நிலக்கடலை, தட்டைப்பயறு, பருத்தி ஆகியவற்றை மாற்றி விதைத்தல் நன்று. தொழுவுரமிட்டு மண்ணைத் தேற்றுதல் அதனினும் நன்று. கண்ணில் பட்ட செடியைப் பூக்குமுன் பிடுங்கிவிட வேண்டும். பூத்ததை வரப்பில் எறியாமல் எரித்துவிட வேண்டும்.

சேதம் முடிந்தபின் பிடுங்கி என்ன பயன் எனலாம். அப்பணி இவ்வாண்டு விளைச்சலுக்காக அன்று. ஆப்பிரிக்காவில் குனிந்து களையெடுப்போருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பிடுங்கும் ஒவ்வொரு செடியும் வருங்காலத்தில் முளைக்கவிருந்த பல்லாயிரம் களைகளைத் தடுக்கின்றது. அதன் பலன் பின்னாளில் பிள்ளைகளின் தட்டில் வந்து சேரும். அண்டை வயலாரும் உடன் கைகொடுத்தால் அந்நாள் விரைவில் வரும்.